பினாங்கு கலைக்கூடத்தில் புதிய கண்காட்சிகள்: நமக்கு அங்கே என்ன வேலை?

ஜோர்ஜ்டவுன் – லெபோ குயின் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலய வாசலில் இருந்து கடல் பக்கமாக நடந்தால் பத்து நிமிடத்தில் பாடாங் கோத்தா வந்துவிடும். அங்கே லெபோ லைட் ஓரத்தில் இருக்கிறது டேவான் ஸ்ரீ பினாங். கச்சேரி, நாடகம், பரிசளிப்பு விழா என்று அந்த மண்டபத்துக்குப் போனவர்கள் நம்மில் நிறைய பேர். அதே கட்டடத்தில்தான் பினாங்கு மாநிலக் கலைக்கூடமும் இருக்கிறது. படியேறி அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்குபவர்கள் குறைவு.

கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி முடிந்தால் அடுத்தது திறக்கிறது. திறக்கும் செய்தி நாளிதழில் வந்தாலும், "படம் பார்க்க நமக்கு நேரம் ஏது? அதெல்லாம் படித்தவர்களுக்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அப்படிப் புரட்டுவதால் நாம் எதை இழக்கிறோம்?

கண்காட்சி ஏன் மாறுகிறது?

பினாங்கு மாநில அருங்காட்சியகம் 1965-இல் தொடங்கப்பட்டது. லெபோ ஃபார்குவாரில் உள்ள அதன் கட்டடம், 1816-இல் தோன்றிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலுக்காகக் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டில் அதன் ஒரு பாதி அழிந்தது. மிஞ்சிய பாதிதான் அருங்காட்சியகம் ஆனது.

எந்த அருங்காட்சியகத்திலும் வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே பெட்டியிலும் அலமாரியிலும் இருப்பது அதிகம். இடம் போதாதது ஒரு காரணம் என்றால், வெளிச்சம் இன்னொரு காரணம். நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம், கையெழுத்துக் கடிதம், பட்டுத்துணி ஆகியவை வெளிச்சம் பட்டால் மங்கும். மங்கிய நிறம் திரும்பி வராது. அதனால்தான் விளக்கைக் குறைத்து வைக்கிறார்கள், சில மாதங்களில் அவற்றை உள்ளே எடுத்துவிட்டு வேறு பொருள்களை வைக்கிறார்கள். 'இருட்டாக இருக்கிறதே' என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பொருளைப் பேரப்பிள்ளைகளும் பார்க்கட்டும் என்ற அக்கறை அது.

எதை வெளியே வைப்பது, எந்த வரிசையில் வைப்பது, பக்கத்தில் என்ன எழுதுவது என்பதை முடிவு செய்பவர் கண்காட்சிப் பொறுப்பாளர். அவர் கையில் இருக்கும் பொருள்களைக் கொண்டுதான் கதை சொல்ல முடியும். இல்லாத பொருளுக்குக் கதை இல்லை.

படத்தில் இருப்பவர், இல்லாதவர்

அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற சொத்துகளில் ஒன்று, கேப்டன் ரோபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டிய பினாங்கு ஓவியங்கள். மலை, அருவி, வாசனைப் பயிர்த் தோட்டம், துரை பங்களா என எல்லாம் அழகு. அவருடைய காட்சிகளை வில்லியம் டேனியல் 1821-இல் அச்சுப் படங்களாகவும் வெளியிட்டார்.

ஆனால் ஸ்மித் வருவதற்கு முன்பே இங்கே தமிழர்கள் இருந்தார்கள். பிரான்சிஸ் லைட் 1790-களில் எழுதிய குறிப்பில், ஏறக்குறைய 1,000 சூலியாக்கள் தீவில் இருப்பதாகவும், அவர்கள் கடை வைப்பவர்களாகவும் கூலி வேலை செய்பவர்களாகவும் இருப்பதாகவும் சொல்கிறார். பின்னர் அக்கரையில், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. பங்களாவைத் தீட்டுவதற்கு ஆள் இருந்தது. லயத்தைத் தீட்ட யாரும் வரவில்லை.

நம் பக்கத்தில் இருந்து வந்த கலைஞர்கள்

இந்த நிலை அப்படியே இருந்துவிடவில்லை. இராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர் ஓவியர் சையத் தாஜுதீன். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துத் திரும்பியவர். தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த இவர் இராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் தீட்டினார். காதலையும் பெண்களையும் அவர் வரையும் விதத்தில் நம் கோயில் சிற்பங்களின் சாயலும் அஜந்தாவின் வளைவும் தெரியும்.

பினாங்கில் 1941-இல் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம், 1973-இல் குப்பைகளையும் புகைப்படங்களையும் சேர்த்து ஒரு படைப்பை அமைத்து, வளர்ச்சி என்ற பேரில் மண்ணுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டார். ஜொகூரில் பிறந்த அனுரேந்திர ஜெகதேவா, நம் கல்யாண மணவறையையே கலைப்படைப்பாக ஆக்கினார். 'மணவறை' என்றே அதற்குப் பெயர். மணவறையைப் புரிந்துகொள்ள நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வீட்டில் என்ன இருக்கிறது?

என் பாட்டி பால்மரம் சீவியவர். அவருடைய உளி, மங்கு, காண்டா எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் கிடந்தன. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வீடு மாறியபோது பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். என்ன காசு கிடைத்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. தமிழ் படிக்கப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் நாங்கள் எதைத் தூக்கிப் போட்டோம் என்று எனக்கு உறைத்தது.

உங்கள் வீட்டில் ரஜூலா கப்பலில் வந்த தகரப் பெட்டி இருக்கலாம். தாத்தாவின் சம்பளச் சீட்டு, தோட்டப் பள்ளியில் எடுத்த குழுப்படம், தைப்பூசத்தில் தண்ணீர்மலை போனபோது எடுத்த படம் இருக்கலாம். அவற்றுக்குச் சில யோசனைகள்:

• பழைய படத்தைத் துடைக்கவோ, பிளாஸ்டிக் போட்டு ஒட்டவோ வேண்டாம். வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் போதும்.

• படத்தில் இருப்பவர் பெயர், ஊர், தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு, பென்சிலால் பின்பக்க ஓரத்தில் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். பெயர் தெரியாத படத்தைப் பார்த்துக் கதை சொல்வது கடினம்.

• அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்பினால், நன்கொடையா, இரவலா என்று முதலில் தெளிவாகப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நன்கொடை என்றால் பொருள் அவர்களுடையது. இரவல் என்றால் பொருள் திரும்பி வர வேண்டும்.

• கொடுக்க மனமில்லையா? படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சேமிப்புதான்.

போய்ப் பாருங்கள்

கண்காட்சி பார்க்கத் தனிப் படிப்பு வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கவும் வேண்டாம். பிடித்த ஒரு படத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று, 'இதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வெளியே வரும்போது வருகையாளர் புத்தகம் இருந்தால் பெயரையும் ஊரையும் தமிழிலேயே எழுதுங்கள். தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சி வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் சுவரில் இடம் ஒதுக்குவதில்லை.

அடுத்த முறை நிபோங் திபாலில் இருந்தோ பட்டர்வொர்த்தில் இருந்தோ லிட்டில் இந்தியாவுக்குப் புடவை எடுக்க வரும்போது, கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டு, கலைக்கூடத்தின் படியேறுங்கள்.