ஈப்போவிலிருந்து சாங்கி எவ்வளவு தூரம்?

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். சாலை வழியே 550 கிலோமீட்டரைத் தாண்டும். பேருந்தில் போனால், ஜொகூர் எல்லைச் சோதனையும் சேர்ந்து 7, 8 மணி நேரம் ஆகலாம்.

விமானம் வானில் பறப்பது சுமார் 1 மணி நேரம்தான். பயண அட்டவணையில் அதைவிடக் கூடுதலாகக் காட்டுவார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், தரையிறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் அடங்கும்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தின் பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளிலிருந்து புறப்படுவோர், ஈப்போ வந்துசேரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதான பெற்றோரை அழைத்துச் செல்வோர் 2 மணி நேரம் முன்பே விமான நிலையத்தை அடைவது நல்லது. கடப்பிதழை மறந்துவிடாதீர்கள். பயணம் இனிதாகட்டும்!