தமிழ் காமிக்ஸ் மறுபதிப்புகள்: சிவகாசி இதழ்களும் சேகரிப்பாளர்களும்

விற்றுத் தீர்ந்து கடைகளில் கிடைக்காமல் போன காமிக்ஸ் இதழ்களை மீண்டும் அச்சிட்டு வெளியிடுவது காமிக்ஸ் மறுபதிப்பு எனப்படும். தமிழில் இதைப் பற்றிப் பேசும்போது சிவகாசியைத் தவிர்த்துப் பேச முடியாது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இரண்டும் அந்த ஊரிலிருந்து வந்தவை. இவற்றின் பழைய இதழ்களுக்குத் தனியாக ஒரு சேகரிப்பாளர் வட்டம் உண்டு. பழைய இதழ் ஒன்று மறுபடி அச்சாகிறது என்ற செய்தி வரும்போது அந்த வட்டத்தில் மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே எழுகின்றன. கையில் பழைய பிரதி இல்லாதவர் மகிழ்கிறார். பெரும் விலை கொடுத்து அதை வாங்கி வைத்திருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது அவ்வளவு எளிதில் சொல்லக்கூடியதாக இல்லை.

சிவகாசியில் காமிக்ஸ்

மழை குறைந்த கரிசல் பூமியில் இருக்கும் சிவகாசிக்கு 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுப் பெட்டிக்கு வண்ண உறை வேண்டும். அந்தத் தேவைக்காக வந்த அச்சகங்கள் பிறகு காலண்டர், டைரி, பள்ளி நோட்டு, வாழ்த்து அட்டை எனப் பெருகின. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் சேர்ந்தே சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயரைத் தந்தன. வண்ணப் படத்தை அச்சிடும் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் இருந்த ஊரில் படக்கதை இதழ் பிறந்ததில் வியப்பில்லை.

மு. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. தொடக்க கால இதழ்களின் ஆசிரியராக முல்லை தங்கராசன் இருந்தார். 1984 ஜூலையில் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்ற கதையுடன் வெளிவந்தது. பிரிட்டன், பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் கதைகளை உரிமை பெற்று, தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுவதே இவ்விதழ்களின் வழக்கம்.

பழைய இதழ்கள் ஏன் அரிதாயின?

அன்றைய இதழ்கள் பாதுகாத்து வைப்பதற்காக அச்சிடப்பட்டவை அல்ல. மலிவு விலைக்கு விற்க வேண்டியிருந்ததால் செய்தித்தாள் வகைக் காகிதத்தில் அச்சாயின. இவ்வகைக் காகிதம் மரத்தை இயந்திரத்தில் அரைத்த கூழிலிருந்து செய்யப்படுவது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் படப் பட அது பழுப்பேறும். காகிதத்தில் உருவாகும் அமிலம் நாரை அரித்து, தாளை நொறுங்க வைக்கும். நடுவில் அடித்த கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். தமிழ்நாட்டின் வெப்பமும் மழைக்கால ஈரமும் கரையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

காகிதத்தின் குறை ஒருபுறம் இருக்க, வாசகர்களின் வீடும் இவ்விதழ்களுக்குப் பாதுகாப்பாக இல்லை. காமிக்ஸ் படித்தால் படிப்பு கெடும் என்று நினைத்த பெற்றோர் பலர். பரீட்சை முடிந்ததும் எடைக்குப் போன கட்டுகளில் காமிக்ஸும் போயிற்று. வாடகை நூல் நிலையங்களில் இருந்த பிரதிகள் கை மாறிக் கை மாறிக் கிழிந்தன. தப்பிய இதழ்கள் பழைய புத்தகக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சென்னையில் மூர் மார்க்கெட் அப்படிப்பட்ட இடமாக இருந்தது; 1985இல் அது தீயில் அழிந்தது. ஆகவே, ஆயிரக்கணக்கில் அச்சான இதழ்களில் அட்டையோடும் எல்லாப் பக்கங்களோடும் மிஞ்சியவை சிலவே.

இதைத் தானாக வந்த அரிது எனலாம். ‘இத்தனை பிரதிகள் மட்டுமே’ என்று யாரும் அறிவித்து அவற்றை விற்கவில்லை.

சொல்லிச் செய்யும் அரிது

2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ இதழுடன் சிவகாசி காமிக்ஸின் அடுத்த கட்டம் தொடங்கியது. உயர்தரக் காகிதம், முழு வண்ணம், கெட்டி அட்டை, நூற்றுக்கணக்கில் விலை எனப் புத்தகத்தின் தோற்றம் மாறியது. வாசகரும் மாறியிருந்தார். காசு சேர்த்துக் காமிக்ஸ் வாங்கிய சிறுவன் இப்போது நடுவயதில் சம்பாதிப்பவர். சந்தாவும் முன்பதிவும் பெற்று, அந்த எண்ணிக்கையை ஒட்டியே அச்சிடும் முறை பரவியது.

சிறிய சந்தையில் இது தவிர்க்க முடியாத முறை. வண்ண அச்சில் தகடு தயாரிப்பு, இயந்திரத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவருதல், வெளிநாட்டு உரிமைத்தொகை போன்ற செலவுகள் ஐந்நூறு பிரதிக்கும் ஐயாயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். குறைவாக அச்சிட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறும். கூடுதலாக அச்சிட்டால் கிடங்கில் தேங்கும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது முன்பே தெரிந்தால்தான் கணக்கு ஒத்துவரும். அப்படி அளவாக அச்சிட்ட புத்தகம் தீர்ந்ததும் உடனே கிடைக்காத பொருளாகிவிடுகிறது. இது சொல்லிச் செய்த அரிது. இதில் பதிப்பகத்துக்கும் வாசகருக்கும் இடையே, எழுதியோ எழுதாமலோ, ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

இரத்தப் படலம்: ஓர் எடுத்துக்காட்டு

நினைவை இழந்த ஒருவன் தன் கழுத்தெலும்பருகே பச்சை குத்தியிருக்கும் 13 என்ற ரோமன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தான் யார் என்று தேடும் கதை, தமிழில் ‘இரத்தப் படலம்’. மூலத்தை எழுதியவர் ழான் வான் ஹாம், வரைந்தவர் வில்லியம் வான்ஸ், இருவரும் பெல்ஜியத்தவர். 1984இல் ஆல்பமாக வரத் தொடங்கிய இந்தத் தொடரின் முதன்மைக் கதை 2007இல்தான் முடிந்தது. தமிழில் பாகங்கள் நீண்ட இடைவெளிகளுடன் வந்தன. எல்லாப் பாகங்களையும் கையில் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு.

2010இல் இக்கதை கறுப்பு வெள்ளையில் ஒரே பெருந்தொகுப்பாக வெளிவந்தது. அது தீர்ந்த பிறகு பழைய புத்தகச் சந்தையில் அதன் விலை அட்டை விலையைப் போலப் பல மடங்கானது. 2018இல் அதே கதை முழு வண்ணத்தில் மீண்டும் வெளிவந்தது.

இங்கே 2010 தொகுப்பின் உரிமையாளர் எதை இழந்தார்? கதையை இழக்கவில்லை, அது அவரிடம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைத் தொகுப்பும் அவருடையதே. அது மீண்டும் அச்சாகவில்லை. ‘இந்தக் கதை முழுவதும் என்னிடம் மட்டும் இருக்கிறது’ என்று சொல்லும் இடம்தான் போயிற்று. மூலக்கதை வண்ணத்தில் உருவானது என்பதால், படைப்புக்கு நெருக்கமானது புதிய பதிப்பே. ஆனால் தமிழில் இந்தக் கதை முதன்முறை ஒன்றாய்த் திரண்டு வந்தது பழைய தொகுப்பில். இரண்டையும் அருகருகே வைத்திருப்பவர்கள் இருப்பதற்கு இதுவே காரணம்.

உரிமையாளர்களின் மனநிலை

மறுபதிப்பைப் பற்றிய கருத்துகளை, பழைய பிரதியை ஒருவர் எதற்காக வைத்திருக்கிறார் என்பதைக் கொண்டு பிரித்துப் பார்க்கலாம்.

படிப்பதற்காக வைத்திருப்பவர் மறுபதிப்பை வரவேற்கிறார். தொட்டால் உதிரும் பிரதியை இனிப் பிரிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் கையில் பயமில்லாமல் கொடுக்கப் புதிய பிரதி கிடைக்கிறது.

நினைவுக்காக வைத்திருப்பவருக்கு மறுபதிப்பு ஒரு பொருட்டே இல்லை. அவர் தேடுவது அந்தக் காகித வாசனையையும், ஓரத்தில் பேனாவால் எழுதிய பெயரையும், உள்ளே வந்த அக்கால விளம்பரத்தையும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் மாறினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். ‘திருத்திய மொழிபெயர்ப்பு’ என்பது புதிய வாசகருக்கு நல்ல செய்தி. இவருக்கோ பழைய வசனத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்ற குறை.

முழுத் தொகுதியாகச் சேர்ப்பவர் புதிய பதிப்பையும் வாங்குவார். அவருடைய வருத்தம் அலமாரியில் இடமில்லை என்பதே.

முதலீடாக வாங்கியவருக்குத்தான் உண்மையான இழப்பு. படிக்க மட்டும் விரும்பிய வாங்குவோர் மறுபதிப்புக்குப் போய்விடுவதால், பழைய பிரதியைத் தேடுவோர் எண்ணிக்கை குறைகிறது, விலை இறங்குகிறது. நல்ல நிலையிலுள்ள முதல் அச்சைத் தேடுவோர் மட்டும் எஞ்சுகிறார்கள்.

ஒரே ஆளுக்குள்ளும் இந்த நான்கு மனநிலையும் இருக்கக்கூடும். மூன்று வாரச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு பிரதியை வாங்கியவர், அது மறு ஆண்டே கடையில் கிடைக்கும்போது ஏமாந்ததாக உணர்வது இயல்பு. ஆயினும் அவர் அந்தப் பணத்தைக் கொடுத்தது பதிப்பகத்திடம் இல்லை, இடைத்தரகரிடம். பழைய பிரதி எத்தனை மடங்கு விலைக்குக் கைமாறினாலும் அதில் ஒரு காசும் எழுத்தாளருக்கோ ஓவியருக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ போவதில்லை. மறுபதிப்பில்தான் உரிமைத்தொகை செலுத்தப்படுகிறது.

பிற துறைகளில்

இந்தச் சிக்கல் தமிழ் காமிக்ஸுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் எலெக்ட்ரிக் கிதார்கள் அக்காலத்தில் அதிகம் விற்கவில்லை. அந்த வடிவமே சில ஆண்டுகள் கைவிடப்பட்டது. 1960களின் ராக் இசைக்கலைஞர்கள் வாசித்ததால் பின்னர் அவற்றுக்குப் பெரும் மதிப்பு வந்தது. கிப்சன் பிற்காலத்தில் அவற்றை அச்சு மாறாமல் மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. அதனால் பழைய கிதார்களின் மதிப்பு சரியவில்லை. புதியதை வாசித்தவர்கள் பழையதன் புகழையே வளர்த்தார்கள். இது தானாக வந்த அரிது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டு விளையாட்டின் அரிய சீட்டுகளை 1995இல் ‘க்ரானிக்கிள்ஸ்’ என்ற தொகுப்பில் அதன் நிறுவனம் மறுபதிப்புச் செய்தது. சேகரித்தவர்கள் கொதித்தனர். மறு ஆண்டே, இனி ஒருபோதும் மறுபதிப்புச் செய்யமாட்டோம் என்று ஒரு பட்டியலை நிறுவனம் வெளியிட்டது. சேகரிப்பாளரின் நம்பிக்கை காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்தச் சீட்டுகளுள் சிலவற்றின் விலை ஏறி ஏறி, விளையாட விரும்பும் புதியவர்களுக்கு எட்டாமல் போயிற்று. ஒரு வாக்குறுதி ஒரு தரப்பைக் காக்கும்போது மற்றொரு தரப்பை வெளியே நிறுத்துகிறது.

எது மூலம்?

‘இரும்புக்கை மாயாவி’யின் வரலாறு இந்த விவாதத்துக்கு ஒரு தெளிவைத் தருகிறது. கென் பல்மர் எழுதி, ஸ்பெயின் ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ வரைந்த இக்கதை 1962 அக்டோபரில் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கியது. சேகரிப்பாளர் பொன்போலப் பாதுகாக்கும் 1972ஆம் ஆண்டு சிவகாசி இதழ், அந்த வகையில் பார்த்தால், பத்தாண்டுக்குப் பின் வேறு மொழியில் வந்த ஒரு மறுபதிப்பு. பிரிட்டனிலும் இக்கதை பிறகு நூலாகத் திரும்ப வந்தது. 2021இல் ரெபெல்லியன் நிறுவனம் அதன் தொடக்கப் பகுதிகளை வெளியிட்டது. மறுபதிப்பே கூடாது என்றிருந்தால் தமிழில் மாயாவியே வந்திருக்க மாட்டார்.

பிரதியை அடையாளம் காணுதல்

மறுபதிப்புகள் பெருகும்போது எது எந்த அச்சு என்று அறிவது வாங்குவோருக்கு முக்கியம். கவனிக்க வேண்டியவை:

• அட்டையிலும் உள்ளேயும் உள்ள இதழ் எண், மாதம், ஆண்டு. ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ போன்ற மறுபதிப்பு வரிசைகளில் வந்த இதழ் எனில் வரிசையின் பெயரே சொல்லிவிடும்.
• அச்சிட்ட விலை. காசுக் கணக்கில் இருக்கும் விலை காலத்தைக் காட்டும்.
• உள் விளம்பரங்களும் ‘அடுத்த வெளியீடு’ அறிவிப்பும். இவை மறுபதிப்பில் பெரும்பாலும் மாறியிருக்கும்.
• காகிதம். பழுப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவியிருந்தால் வயதால் வந்தது. பக்கம் முழுவதும் ஒரே சீரான நிறம் என்றால் ஐயப்பட வேண்டும்.
• நடுப்பக்கமும் அட்டையும். ஒளிநகல் எடுத்துச் சேர்த்த பக்கங்களில் புள்ளிகளும் மங்கலும் தெரியும்.

பதிப்பகத்தின் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. ‘மறுபதிப்பு’ என்றும் முதல் வெளியீட்டின் ஆண்டு எது என்றும் தெளிவாக அச்சிட்டுவிட்டால், முதல் அச்சின் தனித்தன்மை கெடுவதில்லை. புதிய அட்டை, புதிய அளவு, வண்ணம் ஆகிய வேறுபாடுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. ‘இனி வராது’ என்று சொல்லி விற்றிருந்தால் அந்தச் சொல்லைக் காக்க வேண்டும்; காக்க முடியாது என்றால் அப்படிச் சொல்லி விற்கக் கூடாது. அப்படி எந்த வாக்கும் தராத இதழ்களுக்கு மறுபதிப்பு ஒரு நம்பிக்கைத் துரோகம் ஆகாது.

1972இன் காகிதம் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்பது பழைய பிரதி வைத்திருப்பவர்களுக்கே நன்கு தெரியும். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் இதழும் ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் நொறுங்குகிறது. புதிய பதிப்புக்குத் தேவையான பக்கத்தையோ அட்டையையோ தேடும்போது, அந்தப் பழைய பிரதிகளில் ஒன்றே ஆதாரமாக நிற்கவும் கூடும்.