சீனத்தின் ஒரே பெண் பேரரசர்: வரலாறும் கதையும்



சீன நாட்டில் சியான் நகருக்கு வடமேற்கே ஓர் அரச கல்லறை இருக்கிறது. அதன் முன்னே ஏறக்குறைய ஏழரை மீட்டர் உயரமுள்ள ஒரு கல் நிற்கிறது. ஆண்டவர்களின் புகழைப் பொறித்து வைப்பதற்கான கல் அது. ஆனால், நாட்டியபோது அதில் ஓர் எழுத்துகூட வெட்டப்படவில்லை. அந்தக் கல்லுக்கு உரியவர் வூ ஸெதியான் என்ற அம்மையார். ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சீனப் பேரரசு வரலாற்றில், தாமே பேரரசர் என்று முடிசூடி ஆண்ட பெண் இவர் ஒருவரே.

கல்லில் எழுதப்படாத கதையைப் பிறர் எழுதினார்கள். நாவலாக எழுதினார்கள், நாடகமாக நடித்தார்கள். 1963-இல் ஷா பிரதர்ஸ் நிறுவனம் படம் எடுத்தது. 2014-இல் ஒரு பெரிய தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது. இவற்றைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதெல்லாம் உண்மையாகவே நடந்ததா?" அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைப் பார்ப்போம். மர வியாபாரத்தில் பொருள் சேர்த்து, தாங் மரபின் முதல் மன்னருக்குத் துணை நின்றவர் இவருடைய தந்தை. 624-இல் பிறந்த மகள், பதினான்கு வயதில் தாய்சோங் பேரரசரின் அரண்மனைக்குள் கீழ்நிலைத் துணைவியருள் ஒருவராக நுழைந்தார். 649-இல் பேரரசர் இறந்தார். பிள்ளையில்லாத துணைவியர் தலையை மழித்துக்கொண்டு பௌத்த மடத்துக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். இவரும் போனார். வாழ்வு அத்தோடு முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அடுத்த பேரரசர் காவ்சோங் இவரை மீண்டும் அழைத்துக்கொண்டார். 655-இல் இவர் பட்டத்தரசி ஆனார். 660 முதல் கணவருக்குத் தலைவலியும் கண்பார்வைக் குறைவும் வந்து வருத்தவே, அரசாங்கக் காகிதங்களை இவரே பார்த்து முடிவு சொன்னார். 683-இல் கணவர் மறைந்தார். இரண்டு மகன்களை ஒருவர்பின் ஒருவராக அரியணையில் அமர்த்தினார். மூத்தவரை இரண்டு மாதத்துக்குள் இறக்கியும் விட்டார். 690-இல் தாமே பேரரசரானார். 705 வரை ஆண்டார்.

இனி, சந்தேகத்துக்கு உரியதைப் பார்ப்போம். படங்களிலும் நாவல்களிலும் தவறாமல் ஒரு காட்சி வரும். பட்டத்தரசியாகும் ஆசையில், தாம் பெற்ற பெண் குழந்தையைத் தாமே மூச்சுத் திணறக் கொன்றுவிட்டு, பழியை அப்போதைய பட்டத்தரசியின் மேல் போட்டார் என்பது அந்தக் காட்சி. 961-இல் தொகுக்கப்பட்ட ஒரு நூல், குழந்தை திடீரென்று இறந்தது, வூ அம்மையார் பட்டத்தரசியைக் குற்றம் சாட்டினார் என்று மட்டுமே கூறுகிறது. அவர் வந்ததும் போனதும், போர்வையை விலக்கியதும் அலறியதுமாக முழுக் காட்சியும் இடம்பெறும் அரசாங்க வரலாறு முடிக்கப்பட்ட ஆண்டு 1060. குழந்தை இறந்து நானூறு ஆண்டுகள் கழித்து, பெண் நாடாள்வது தகாது என்று நம்பிய அதிகாரிகள் எழுதிய நூல் அது. அறைக்குள் யார் நின்று பார்த்தார்கள் என்று நாம் கேட்க வேண்டாமா?

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். இவருடைய முதல் கணவர் தாய்சோங், 626-இல் அரண்மனை வாயிலில் உடன்பிறந்த இருவரைக் கொன்று, தந்தையை ஒதுக்கிவிட்டு அரியணை ஏறியவர். வரலாறு அவரை மாமன்னர் என்று போற்றுகிறது. அரியணைக்காக இரத்தம் சிந்தியவர்கள் இருவரும்தான். ஒருவருக்குப் புகழ், மற்றவருக்குப் பழி. தராசு நேராக இருக்கிறதா என்பதைப் படிப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இவர் குற்றமற்றவரா? இல்லை. 686-இல் இவர் செம்பில் ஒரு பெட்டி செய்து வைத்தார். அதில் நான்கு வாய்கள். வேலைக்குத் தம்மைத் தாமே பரிந்துரைக்க ஒன்று; ஆட்சியைக் குறை கூற ஒன்று; அநீதியை முறையிட ஒன்று; இரகசியச் செய்திகளுக்கு ஒன்று. ஏழையின் குரலும் அரசருக்கு எட்டும் என்ற வகையில் இது நல்ல ஏற்பாடே. ஆனால் கோள் சொல்பவர்களுக்கும் அது வழியாயிற்று. லாய் சுன்சென் போன்ற கொடிய அதிகாரிகள், சித்திரவதையால் ஒப்புதல் வாங்கிக் குடும்பம் குடும்பமாக அழித்தார்கள். பேரரசர் அவர்களைப் பல ஆண்டுகள் பயன்படுத்திக்கொண்டார். 697-இல்தான் லாய் சுன்சென்னுக்கு மரண தண்டனை கிடைத்தது.

அந்த வலையில் சிக்கித் தப்பியவர் டி ரென்ஜியே என்ற நேர்மையான அமைச்சர். 692-இல் இராஜத் துரோகி என்று அவரைச் சிறையில் அடைத்தார்கள். மறுத்தால் அடித்தே கொல்வார்கள் என்று அறிந்த அவர், உடனே குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு போர்வைத் துணியைக் கிழித்து, அதில் மனு எழுதி, பஞ்சு வைத்த தம் அங்கிக்குள் மறைத்தார். "வெயில் காலம் வருகிறது, பஞ்சை எடுத்துவிடச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றார். மகன் அங்கியைப் பிரித்தான். மனு பேரரசரின் கைக்குப் போனது. உயிர் தப்பியது. அவரைச் சிறிய ஊருக்கு மாற்றிய அதே பேரரசர், பின்னர் மீண்டும் முதன்மை அமைச்சராக்கி, அவர் சொல் கேட்டு நடந்தார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 674-இல் இவர் தந்த பன்னிரண்டு யோசனைகளில் உழவையும் பட்டுத் தொழிலையும் வளர்ப்பதும், வரியைக் குறைப்பதும் இருந்தன. தந்தை உயிரோடு இருந்தாலும், இறந்த தாய்க்கு மூன்றாண்டு துக்கம் காக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தாய்க்கும் தந்தைக்கும் ஒரே மரியாதை என்பது அதன் பொருள். அரசாங்கத் தேர்வுகளின் வழியே, பெருங்குடியில் பிறவாதவர்களுக்கும் பதவி கிடைக்கச் செய்தார். 652-இல் 38 இலட்சமாக இருந்த பதிவுபெற்ற குடும்பங்கள், 705-இல் 61 இலட்சத்தைத் தாண்டின. ஸ்ரீவிஜயத்திலும் நம் கெடாவிலும் தங்கி இந்தியா சென்று திரும்பிய துறவி இத்சிங்கை, 695-இல் லோயாங் நகர வாயிலுக்கு வெளியே வந்து வரவேற்றவரும் இவரே.

இப்போது கதாசிரியர்களிடம் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீ ருசென் எழுதிய நாவலில், பனிக்காலத்தில் எல்லாப் பூக்களும் பூக்க வேண்டும் என்று இந்தப் பேரரசர் ஆணையிடுகிறார். பூத் தேவதைகள் நூறு பெண்களாகப் பூமியில் பிறந்து, தேர்வெழுதித் தேறுகிறார்கள். பெண்கள் ஆளும் ஒரு நாட்டில் ஓர் ஆண் வியாபாரியின் பாதத்தைக் கட்டுகிறார்கள். வலியால் அவன் கதறுகிறான். நடவாத கதைதான். ஆனால் பெண்கள் பட்ட வலியை ஆண்களுக்கு உணர்த்த அது உதவியது.

அமைச்சர் டி ரென்ஜியேயை 'நீதிபதி டீ' என்ற துப்பறிவாளராக்கி ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதியவர் ராபர்ட் வான் குலிக். இவர் கோலாலம்பூரில் நெதர்லாந்துத் தூதராகப் பணிபுரிந்தவர். சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்த லின் யூதாங், 1957-இல் இவரைப் பற்றி ஒரு நாவல் வெளியிட்டார். அதில் கதை சொல்பவர் பேரரசரின் பேரன். தந்தையைப் பாட்டியால் இழந்து, அரண்மனையில் அடைபட்டு அடிவாங்கி வளர்ந்தவர் அந்தப் பேரன். மழை வருமுன் முதுகுத் தழும்புகள் வலிக்கும், அதனால் வானிலையை அவர் முன்கூட்டியே சொல்வார் என்று பழைய வரலாற்று நூலே கூறுகிறது. அப்படிப்பட்டவர் வாயால் வரும் கதை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ?

எனவே, நேயர்களே, சரித்திரக் கதையைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆசையோடு படிப்போம், பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்போம். கூடவே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இதைச் சொன்னவர் யார்? எத்தனை காலம் கழித்துச் சொன்னார்? இதையே ஓர் ஆண் செய்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பார்களா?

இந்தக் கேள்விகள் சீனத்துப் பேரரசருக்கு மட்டும் உரியவையல்ல. கணவனை இழந்த பின் தலைநிமிர்ந்து குடும்பம் நடத்தும் பெண்ணைப் பற்றியும், மேற்படிப்புக்கு வெளியூர் போன பக்கத்து வீட்டு மகளைப் பற்றியும் குழாயடியில் ஒரு பேச்சு எழும். அப்போதும் இந்த மூன்று கேள்விகளையும் கேட்போம். எழுத்தில்லாத கல்லின் மேல் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். எழுதுவதற்கு முன் ஒரு கணம் தயங்குவது மனிதப் பண்பு.