கடல் கிடக்குது பஸ் தூரத்தில்!
சேலத்துக் கல்லில் இல்லாத நத்தை, பெரம்பலூர் மண்ணில் கொட்டிக் கிடக்கிறது

சேலம், நாமக்கல்காரர்களுக்குக் கடல் பார்க்க ஆசை வந்தால் சென்னைக்கோ நாகைக்கோ ஓடவேண்டும். ஆனால் ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் ஒரு கடலின் அடித்தரையிலேயே இறங்கி நடக்கலாம். தண்ணீர் மட்டும் கிடையாது. அது வடிந்து 6 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது!

நத்தை, சிப்பி, பவளம், சுறாமீன் பல் எல்லாம் கல்லாகிக் கிடக்கும் பூமி அது. பெரம்பலூர், அரியலூர், திருச்சி மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. உலகத்தில் இருந்தெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் தேடி வருகிறார்கள். பக்கத்து ஊரில் இருக்கும் நமக்குத்தான் விஷயம் தெரியவில்லை.

"சாக்" மலையில் சாக் இல்லை!

நம் நண்பர் ஒருவர் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கல் பொறுக்கக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் ஒரு கல்லைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதில் பெரணி இலை மாதிரி அழகான கறுப்புப் படம்.

"பாத்தியா மாப்ளே, கோடி வருஷத்து இலை!" என்றார்.

அது இலையே இல்லை. கல்லின் வெடிப்பில் இறங்கிய தண்ணீரில் மாங்கனீசு, இரும்புச் சத்து கலந்திருக்கும். அது காய்ந்து இலை போலப் படர்ந்த கறைதான் அது. அசல் மாதிரியே இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

சேலத்து வெள்ளைக்கல் மலைக்கு வெள்ளைக்காரர்கள் "சாக் ஹில்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். உண்மையான சாக் என்பது கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் ஓடு படிந்து உண்டாவது. இங்கே இருப்பதோ மேக்னசைட். பூமியின் ஆழத்தில் இருந்து வந்த பாறை மாறி உண்டான கல். இரும்பு உலைக்குச் செங்கல் செய்ய உதவும். அதில் நத்தை தேடினால் நாள் பூராவும் தேடவேண்டியதுதான்.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டு பழையவை. அந்தக் காலத்தில் உலகத்தில் நத்தையும் கிடையாது, இலையும் கிடையாது. பூமிக்கடியில் வெந்து நசுங்கி வந்த பாறை வேறு. ஆகவே, நம் ஊரில் தேடுவது வீண்.

வழி காட்டிய இரண்டு அதிகாரிகள்

கிழக்கே நூறு கிலோ மீட்டர் தாண்டினால் கதையே வேறு. இந்தியா மற்ற கண்டங்களில் இருந்து பிய்த்துக்கொண்டு நகர்ந்த காலத்தில் இந்தப் பக்கம் நிலம் தாழ்ந்தது. கடல் உள்ளே புகுந்தது. பல முறை ஏறி, பல முறை இறங்கியது. அடியில் படிந்த சேறும் மணலும்தான் இன்று பாறை.

இதை வெளி உலகத்துக்குச் சொன்னவர்கள் பெரிய விஞ்ஞானிகள் அல்ல. கேய், கன்லிஃப் என்று இரண்டு பேர். இருவரும் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாண சிவில் அதிகாரிகள். 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கல்லான சிப்பிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அதை ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். பிறகுதான் அரசாங்கப் புவியியல் துறை களம் இறங்கியது. பிளான்ஃபோர்ட் இந்த வட்டாரத்தை அளந்து 1862-ல் அறிக்கை கொடுத்தார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அவர் பாறைகளுக்கு வைத்த பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே கல் தேடிய இரண்டு பேரால் ஒரு கடல் வெளிச்சத்துக்கு வந்தது என்றால், கணக்கு எழுதுகிறவர் கல் தேடுவதில் என்ன தப்பு?

காரையில் "தோட்டா"!

நண்பரும் நாமும் போன இடம் பெரம்பலூர் மாவட்டம் காரை. சந்திரனில் இறங்கியது போல இருந்தது. மரம் மட்டை இல்லை. மழை அரித்த ஓடைகள். மண்ணுக்குள் கண்ணாடித் துண்டு மாதிரி பளபளக்கும் ஜிப்சம் தகடுகள்.

காலடியில் தோட்டா போல ஒரு கல். போலீஸ் செய்தி எழுதுகிற நமக்கு முதலில் பகீர் என்றது! அது பெலம்னைட். கணவாய் மீனுக்கு உறவான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி. பக்கத்திலேயே சுருள் சுருளாக அம்மோனைட். பூஜை அறையில் வைக்கும் சாளக்கிராமத்தில் தெரிகிற சக்கரமும் இதே இனத்து ஓட்டின் அச்சுதான். அது நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைப்பது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "மழை பேஞ்ச மறுநாள் வாங்க தம்பி, நெறையத் தெரியும். வர்றவங்க எல்லாம் பையில போட்டுக்கிட்டுப் போயிடறாங்க" என்றார்.

நண்பர் தன் பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்!

படுத்துக் கிடக்கும் மரம்

அடுத்து சாத்தனூர். திருவண்ணாமலை சாத்தனூர் அணை அல்ல. இது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். இங்கே ஓடையில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு என்று புவியியல் ஆய்வுத் துறை சொல்கிறது. 1940-ல் இதை வெளிப்படுத்தியவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். பிற்காலத்தில் அந்தத் துறைக்கே தலைவரான முதல் இந்தியர்.

மரம் எப்படிக் கல்லாகும்? ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரம் கடல் சேற்றில் புதைந்தது. மண்ணில் ஊறிய சிலிக்கா தண்ணீர் மரத்துக்குள் புகுந்து, துளித் துளியாகக் கல்லை நிரப்பியது. இன்று அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். வேலி போட்டுக் காக்கிறார்கள்.

உலகப் பெரிய மிருகம் எங்கே?

வேலி போட முடியாமல் போனதும் உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளைப் பற்றி யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் எழுதினார்கள். கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். ஆளை விட உயரம்! "பிருஹத்காயசாரஸ்" என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புப் பல்லி என்று பொருள். நிலத்தில் நடந்த மிருகங்களிலேயே மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. அது எலும்பே அல்ல, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

தீர்ப்புச் சொல்ல இன்று எலும்பு இல்லை! பொலபொலவென்று இருந்த அது மழைத் தண்ணீரில் ஊறி உதிர்ந்து போய்விட்டது. 2022-ல் பழைய போட்டோக்கள் சில வெளியாயின. மிச்சம் அவ்வளவுதான். தடயம் போனால் வழக்கு நிற்காது. 7 கோடி ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே வந்து கரைந்து போயிற்று.

முட்டை வதந்தி

2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கூட்டம் கூட்டமாகக் கிடைத்ததாக அறிவித்தார்கள். நாடு முழுவதும் பரபரப்பு. கூட்டம் கூடியது.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டும்போது உருண்டைக் கற்கள் வந்தன. "டைனோசர் முட்டை!" என்று செல்போனில் செய்தி பறந்தது. நிபுணர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய உருண்டைகள் என்றார்கள். நாமக்கல்காரர்களுக்குத் தெரியும், உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை ஆகாது!

மூட்டையில் போகும் கடல்

இன்னொரு பக்கம், இந்தக் கடல் மூட்டை மூட்டையாகவும் போகிறது. கல்லக்குடியில் 1939-ல் ஆலை வந்தது முதல் இந்தச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டு ஆகிறது. நம் வீட்டுச் சுவரிலும் பழைய சிப்பி கலந்திருக்கலாம். வேலை, வியாபாரம் எல்லாம் அதில் இருக்கிறது; குறை சொல்ல முடியாது. சுரங்கம் தோண்டியதால் வெளியே தெரிந்த படிவங்களும் நிறைய. ஆனால் அரைத்த பிறகு திரும்ப வராது.

போகிறவர்கள் கவனிக்க

கல் கிடக்கும் இடம்தான் அதன் சாட்சி. எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் வயது தெரியும். எடுத்து வந்து அலமாரியில் வைத்தால் அது வெறும் கல்.

எனவே: போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து எடுத்தால் அளவு புரியும். ஊர், ஓடை, தேதி எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக எதையாவது கண்டால் அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். சுரங்கப் பள்ளத்தில் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். பட்டா நிலம் என்றால் சொந்தக்காரரைக் கேளுங்கள். காரையில் நிழலே கிடையாது; தண்ணீரும் தொப்பியும் கட்டாயம்.

நண்பர் தோட்டாக் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அவர் நோட்டில் இப்போது பதினோரு இடங்களின் குறிப்பு இருக்கிறது. அடுத்து வருகிற மாணவனுக்கு அலமாரிக் கல்லைவிட அந்த நோட்டுதான் உதவும்.