மைசூரா, மைசூருவா? இணைய முகவரி பதிவுசெய்யும் முன் கவனிக்க வேண்டியவை

மைசூரு: கர்நாடகத்தில் பெங்களூரு, மைசூரு உள்ளிட்ட 12 நகரங்களின் பெயர்கள் 2014 நவம்பர் 1-ஆம் தேதி அதிகாரப்பூர்வமாக மாற்றப்பட்டன. பெயர்ப்பலகைகள் விரைவில் மாறின. இணைய முகவரிகள் அப்படி மாறவில்லை. 1916-இல் நிறுவப்பட்ட மைசூர் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியில் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலே நீடிக்கிறது.

சொந்த இணையதளம் தொடங்க விரும்பும் இந்நகரத்து ஓவியரோ யோகா ஆசிரியரோ எதிர்கொள்ளும் முதல் கேள்வியும் இதுவே. ஊர்ப் பெயரைச் சேர்க்க விரும்பினால், இரு எழுத்துக்கூட்டல்களையும் பதிவுசெய்து, ஒன்றைத் தட்டச்சு செய்பவர் மற்றொன்றுக்குச் சென்று சேருமாறு அமைப்பது பாதுகாப்பானது. தம் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது அதைவிட நல்லது; அதை எந்த அரசாணையும் மாற்றப்போவதில்லை.

மைசூர் பட்டு, மைசூர் சந்தன சோப்பு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. இத்தகைய பெயர்களை முகவரியில் சேர்ப்பது சட்டச் சிக்கலுக்கு வழிவகுக்கலாம். முதலில் பதிவுசெய்தவருக்கே பெயர் கிடைக்கும் என்பது பதிவு முறைக்குப் பொருந்தும். நீதிமன்றத்தில் அது மட்டும் போதாது.

இதற்கு முன்னோடியான வழக்கும் கர்நாடகத்தில் இருந்தே சென்றது. 'சிஃபி' என்ற பெயரில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம், 'சிஃபிநெட்' என்ற பெயரைக் கூடுதலாக ஓர் 'எஃப்' எழுத்துடன் பயன்படுத்திய மற்றொரு நிறுவனத்தின் மீது பெங்களூரு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, இடைக்காலத் தடை பெற்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. நிறுவனத்தைத் தொடங்கிய ஐவரின் பெயர்களில் உள்ள முதலெழுத்துகளைக் கொண்டு உருவான பெயர் என்ற எதிர்த்தரப்பு விளக்கத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம், 2004 மே மாதம் தடையை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வணிகப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு இணைய முகவரிக்கும் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

முகவரியில் புள்ளிக்கு முந்தைய பகுதி 63 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைக்கோடு ஆகியவற்றுக்கே அதில் இடமுண்டு. இடைக்கோடு முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. தமிழிலும் கன்னடத்திலும் பெயர் வைக்க வழி உண்டு. தமிழில் '.இந்தியா' என முடியும் முகவரிகளை, '.இன்' முகவரிகளை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பே கவனிக்கிறது. எனினும், அத்தகைய முகவரிகளைச் சில மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் ஏற்பதில்லை என்பதால், ஆங்கில முகவரி ஒன்றையும் உடன் வைத்திருப்பதே நடைமுறைக்கு உகந்தது.

பலர் கவனிக்கத் தவறுவது, முகவரி யார் பெயரில் பதிவாகிறது என்பதை. தளத்தை வடிவமைத்துத் தருபவர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவுசெய்துவிட்டால், பணம் கொடுத்தவர் வேறொருவராக இருந்தாலும் பதிவேட்டின்படி முகவரிக்கு உரியவர் வடிவமைப்பாளரே. பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லும், நினைவூட்டல் வரும் மின்னஞ்சலும் உரியவரின் கையிலேயே இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் அதே முகவரியில் அமையாமல் இருப்பது நல்லது. முகவரி முடங்கினால் நினைவூட்டலும் வந்து சேராது.

பதிவு என்பது விலைக்கு வாங்குவது அன்று, குத்தகை போன்றது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவுசெய்யலாம். '.காம்' முகவரி புதுப்பிக்கப்படாமல் நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணத்துடன் மீட்க 30 நாள்கள் அவகாசம் உண்டு. அடுத்த 5 நாள்களுக்கு எவராலும் மீட்க இயலாது. அதன் பின் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பதிவுசெய்யலாம்.