உங்களுக்குத் தெரியுமா? ஒரு தனிமத்தை ஒளித்து வைத்திருந்த கனிமம்!

ஆர்கிரோடைட் என்பது வெள்ளி, ஜெர்மானியம், கந்தகம் மூன்றும் சேர்ந்த அரிய சல்ஃபைடு கனிமம். கிரேக்கத்தில் இந்தப் பெயருக்கு ‘வெள்ளி நிறைந்தது’ என்று பொருள். பெயருக்கேற்ப, இதன் எடையில் முக்கால் பங்கு வெள்ளிதான்!

● தோற்றம்: உலோகப் பளபளப்பு, லேசாகச் செம்மை கலந்த எஃகுச் சாம்பல் நிறம். காற்றுப்பட நாளடைவில் கறுத்துவிடும்.

● தன்மை: கத்தி முனையால் எளிதில் கீறிவிடலாம். ஆனால் கையில் எடுத்தால் கனக்கும். அதே அளவு தண்ணீரைவிட 6 மடங்குக்கும் மேல் எடை.

● கிடைக்கும் இடம்: வெள்ளித் தாதுக் கொடிகளில், மிகக் குறைவாக. ஜெர்மனியின் ஃபிரைபெர்க், தென் அமெரிக்காவின் பொலிவியா ஆகியவை பெயர்பெற்ற இடங்கள்.

● காணாமல்போன 7 சதவீதம்: 1885-இல் ஃபிரைபெர்க் அருகே ஒரு வெள்ளிச் சுரங்கத்தில் இது கிடைத்தது. வேதியியலாளர் கிளெமென்ஸ் விங்க்ளர் இதைப் பகுத்துப் பார்த்தார். எத்தனை முறை கணக்கிட்டாலும் மொத்த எடையில் சுமார் 7 சதவீதம் குறைந்தது. விடாமல் தேடியவருக்கு 1886-இல் விடை கிடைத்தது. அதுதான் ஜெர்மானியம் என்ற புதிய தனிமம்!

● முன்பே சொன்னவர்: இப்படி ஒரு தனிமம் இருந்தாக வேண்டும், அதன் அணு எடை 72 என்று 1871-லேயே கணித்திருந்தார், தனிம அட்டவணையை வகுத்த வேதியியலாளர் மெண்டலீவ். இன்றைய அளவீடு 72.63. தனிம அட்டவணையின் மீது உலகம் நம்பிக்கை வைக்க, இந்தக் கறுத்த கல்லும் ஒரு காரணம்.