ஒரு மணி நேரம் தவறும் கார்க் கடிகாரம்

மாணவர்களே, சேரப்பணஞ்சேரியில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். புத்தம் புதிய கார்களைச் சுமந்த நீண்ட லாரிகள் போவதைக் காணலாம். இவ்வட்டாரத்தில் செய்யப்படும் கார்களில் பல சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. நாடு மாறினால் கடிகாரமும் மாற வேண்டும் அல்லவா? "வழிகாட்டும் கருவிதான் செயற்கைக் கோள்களிடமிருந்து நேரம் பெறுகிறதே, தானே சரிசெய்து கொள்ளாதா?" என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களில் அணுக் கடிகாரங்கள் உள்ளன. அவற்றின் வானொலி அலைகள் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. எனவே நேரக் கணக்கில் வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவு 300 மீட்டர் பிசகிவிடும். இத்தனை துல்லியமான கருவி, சில சமயம் முகப்பில் ஒரு மணி நேரம் தவறாகக் காட்டுகிறது. ஆனாலும் வழியைச் சரியாகச் சொல்கிறது! எப்படி?

செயற்கைக் கோளின் செய்தியிலிருந்து கிடைப்பது உலகெங்கும் ஒன்றான பொது நேரம். இடத்தைக் கணக்கிட அது போதும். முகப்பில் தெரியும் மணியோ, அதனுடன் உள்ளூர் வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ பெறுவது. நமக்கு அது கூட்டல் 5 மணி 30 நிமிடம். இந்த எண்ணை வகுத்தது இயற்கையல்ல, அரசாங்கம்.

லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய எட்டே முக்கால் மணி வேறுபாடு உண்டு. ஆகவே அங்கே மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திருப்பி வைக்கிறார்கள். இதுவே கோடைக்கால நேரம். சென்னையில் அவ்வேறுபாடு சுமார் ஒன்றரை மணிதான். நமக்கு இது தேவைப்படவில்லை. எனினும் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரங்களும் ஒரு மணி முன்னே ஓடின!

அரசாங்கம் விதியை மாற்றினால் என்ன ஆகும்? மெக்சிகோ 2022 அக்டோபரில், எல்லையோர ஊர்கள் சில நீங்கலாக, கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. பழைய விதியைப் பதித்த கார் அங்கே ஓடினால், அதன் கடிகாரம் 2023 ஏப்ரல் 2 அன்று வீணே ஒரு மணி முன்னே குதித்திருக்கும். கருவியில் பழுதில்லை, அதன் நினைவகத்திலுள்ள விதிதான் பழையது. விதிப் பட்டியலைப் புதுப்பிப்பதே முறையான மருந்து. அது இயலாதபோது, தானாக மாறும் கோடை நேர அமைப்பை நிறுத்திவிட்டு, உள்ளூர் வித்தியாசத்தைக் கையால் அமைக்கலாம்.

இப்போது ஒரு கணக்கு. மெக்சிகோ நகரம் உலகப் பொது நேரத்துக்கு 6 மணி பின்தங்கியது. மே மாதம் ஒருநாள் சேரப்பணஞ்சேரியில் நண்பகல் 12 மணி. அந்நகரில் சரியான நேரம் என்ன? பழைய விதி கொண்ட கார் என்ன காட்டும்? தாளும் பென்சிலும் எடுங்கள்!